தாங்கிகளின் பந்தல்

லிவிங்ஸ்டன் தன் வாழ்நாளில் எதற்காகவும் ஓடியதில்லை. பஸ்ஸுக்கு ஓடியதில்லை, அடுத்த பஸ் வரும். மழைக்கு ஓடியதில்லை, நனைந்தால் காயும். ஒருமுறை தெருநாய் துரத்தியபோதுகூட அப்படியே நின்று, திரும்பி, "இப்ப உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டான். நாய் குழம்பிப்போய்த் திரும்பிவிட்டது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவனுக்கு வேலை. வேலை நேரம் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம் என்பதற்காகவே அந்த வேலையில் சேர்ந்ததாக அவனே பெருமையாகச் சொல்லுவான்.

அவன் மனைவி ஜெபக்கனி பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். விடிவதற்குள் கடலில் நீந்திவிட்டு, சைக்கிளில் துறைமுகம் வரை போய்வந்து, அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் தெம்பில் பக்கத்துத் தெரு வரை ஓடிவிட்டு வருவாள். வருடா வருடம் முத்துநகர் கடற்கரையில் நடக்கும் டிரையத்லானில் அவள் கலந்துகொள்வாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்றையும் அடுத்தடுத்து நிற்காமல் முடிக்க வேண்டும். கடைசி ஓட்டத்தில் கால் இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு வருடமும் நாலாவதோ ஐந்தாவதோ வருவாள். கோப்பை உப்பள முதலாளி சங்கரபாண்டியன் வீட்டுக்குப் போகும்.

அந்த வருடம்தான் பகிர்வுப்பட்டை வந்தது.

கைக்கடிகாரம் மாதிரி இரண்டு பட்டைகள். ஒன்றை ஓடுகிறவர் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றதைக் கட்டிக்கொள்கிறவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஓடுகிறவரின் களைப்பு உட்கார்ந்திருக்கிறவருக்குப் போய்விடும். இப்படி உட்கார்ந்து களைக்கிற ஆளுக்குத் 'தாங்கி' என்று பெயர். தாங்கி இல்லாமல் போட்டியில் ஓடக் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள்.

போட்டிக்குப் பதிவு செய்யப் போன இடத்தில் லிவிங்ஸ்டனுக்கு இது பிடிபடவே இல்லை. பட்டைகளைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த பொறியாளர் கதீஜா, காயல்பட்டினத்துப் பெண், பொறுமையாக விளக்கினாள்.

"அண்ணே, நம்ம காலு உண்மையில அவ்வளவு சீக்கிரம் சோர்ந்து போறதில்ல. மூளைதான் பயந்துக்கிட்டு 'போதும், போதும்'னு முன்கூட்டியே கத்தும். அந்தச் சத்தத்துக்குத்தான் களைப்புன்னு பேரு. இந்தப் பட்டை அதைப் புடிச்சு இன்னொருத்தர் மூளைக்கு அனுப்பிடும். அவ்வளவுதான்."

"அப்ப என் மூளை 'போதும்'னு கத்துமா?"

"ஆமா."

"அது ஏற்கெனவே கத்திக்கிட்டுத்தான இருக்கு."

"அதான் உங்கள தாங்கியாப் போடுதோம்" என்றாள் ஜெபக்கனி. "உக்காந்திருக்கதுல ஊர்லயே உங்கள மிஞ்ச ஆளு கிடையாது."

கதீஜா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள். ஓட்டத்தின் நடுவில் தாங்கி பட்டையைக் கழற்றக் கூடாது. கழற்றினால் அதுவரை தாங்கியதெல்லாம் ஓடுகிறவர் தலையில் ஒரே நேரத்தில் இறங்கும். நெஞ்சு தாங்காது. ஓடுகிறவர் நின்று, உட்கார்ந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பட்டை வந்த சில மாதங்களிலேயே ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. கல்யாண மேடையில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றார். கால் கடுத்தது அவர் தம்பிக்கு. அதிகாரி மாடிப்படி ஏறினால் கீழே உதவியாளருக்கு மூச்சு வாங்கியது. ஒரு வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் திடீரென்று "ஐயோ, இடுப்பு விட்டுப் போச்சே" என்று அலறினார். மொட்டைமாடியில் மருமகள் பாடிக்கொண்டே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் கூலிக்குத் தாங்கியாகப் போனவர்களும் இருந்தார்கள். பகல் முழுக்க யாரோ ஒருவரின் களைப்பை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஓடிவரும் பிள்ளையைத் தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

லிவிங்ஸ்டனின் பயிற்சி தொடங்கியது. கனி கடலில் நீந்துவாள். இவன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு தோளும் கடுக்க, "யம்மா, யப்பா" என்று முனகுவான். அவள் சைக்கிள் மிதித்தால் இவன் தொடை நடுங்கும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்கே சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்து இருவருமே பட்டையைக் கழற்ற மறந்துவிட்டார்கள். லிவிங்ஸ்டன் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தான். மதியத்துக்குள் அவனுக்கு முதுகு இரண்டாகப் பிளந்தது. மணிக்கட்டு வலி, குதிகால் வலி, காரணமே தெரியாமல் ஒரு எரிச்சல் வேறு. தாங்க முடியாமல் போன் போட்டான்.

"ஏ கனி, எவ்வளவு நேரமா நீந்துத? இலங்கைக்கே போயிட்டியா? கரையேறு, போதும்."

"நான் எங்க நீந்துதேன்? வீட்ல ஒட்டடை அடிக்கேன்."

"ஒட்டடை மட்டுமா? பொய் சொல்லாத."

"ஒட்டடை அடிச்சேன், துணி தொவச்சேன், உங்க அம்மா வாராங்கன்னு முறுக்குக்கு மாவு பிசைஞ்சேன். இப்பப் பரீட்சை பேப்பர் திருத்துதேன். ஏன், என்னாச்சு?"

லிவிங்ஸ்டன் போனை வைத்தான். கடல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்தாலும் இந்த அளவுக்கு வரவில்லையே என்று நெடுநேரம் யோசித்தான். மறுநாள் காலை அவன் விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தபோது, கனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

போட்டி நாள் வந்தது. கடற்கரையில் ஓடுகிறவர்களுக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். தாங்கிகளுக்கு ஒரு பந்தல். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே மின்விசிறிகள், ஓரத்தில் கதீஜாவின் கணினித் திரை. தாங்கிகள் தெம்பாக இருக்க வேண்டும் என்று விழாக்குழு காலையிலேயே நெய் மிதக்கும் வெண்பொங்கலை வாளி வாளியாக இறக்கியிருந்தது. இந்த நல்லெண்ணம்தான் பின்னால் வினையாகப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

லிவிங்ஸ்டனுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். பெயர் பிரேம்சுந்தர். சங்கரபாண்டியனின் மகள் வித்யாவைப் போன மாதம்தான் கட்டியிருந்தான். தலைதீபாவளிக்கு வந்தவனை மாமனார் தாங்கியாக உட்கார வைத்துவிட்டார்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று லிவிங்ஸ்டன் கேட்டான்.

"எப்படிண்ணே சொல்றது? 'மாப்ள, எனக்காக உக்காந்திருக்க மாட்டீங்களா?'ன்னு கேட்டாரு. உக்காரத்தானேன்னு நெனச்சேன். நேத்து ராத்திரி பிரியாணி, இன்னைக்குப் பொங்கல். மூணு நாளா என்னை எந்திரிக்கவே விடல."

விசில் ஊதியது. ஓடுகிறவர்கள் கடலில் பாய்ந்தார்கள். பந்தல் முழுவதும் ஒரே நேரத்தில் "ஹா" என்று ஒரு பெருமூச்சு கிளம்பியது. லிவிங்ஸ்டனுக்குத் தோள் கடுத்தது. பழகிய வலிதான்; பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரு தாங்கி, தண்ணீரே இல்லாத இடத்தில் நீச்சல் அடிப்பதுபோல் கையை வீசி, பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியைத் தட்டிவிட்டார்.

சைக்கிள் தொடங்கியதும் லிவிங்ஸ்டனுக்கு வழக்கம்போல் தொடை நடுங்கியது. பாதியைத் தாண்டியபோது பிரேம்சுந்தர் வெளுத்துப்போனான். சங்கரபாண்டியன் அறுபது வயதிலும் மீசைக்கு மை தடவிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் காற்றைப்போல் போய்க்கொண்டிருந்தார். ஒரு பொட்டு வியர்வை இல்லை. அத்தனையும் மருமகன் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, முடியல. நெஞ்சு அடைக்குது. ஆனா கழற்றினா மாமா விழுந்திருவாரு. வித்யா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

கதீஜா ஓடிவந்தாள். "கழற்றாதீங்க. ஒரு வழி இருக்கு. ரெண்டு தாங்கி பட்டையோட பட்டை ஒட்டிக் கையைப் புடிச்சிக்கிட்டா சுமை ரெண்டு பேருக்கும் பிரியும். ஆனா போட்டியில இதை யாரும் செஞ்சதில்ல. எதிராளியோட தாங்கி எதுக்குக் கை குடுக்கப் போறாரு?"

லிவிங்ஸ்டன் யோசித்தான். இந்தப் பையனுக்குக் கை கொடுத்தால் சங்கரபாண்டியன் ஜெயிப்பார். கனி தோற்பாள். வீட்டில் இட்லி கல் மாதிரி இருக்கும். கொடுக்காவிட்டால் பையன் இங்கேயே சரிந்துவிடுவான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசிக்க அவனால் முடியவில்லை.

"புடிங்க தம்பி" என்று கையை நீட்டினான்.

சுமை வந்து இறங்கியது. முதலாளி என்றால் சும்மாவா. களைப்பும் கனமாகத்தான் இருந்தது. லிவிங்ஸ்டன் நாற்காலியில் இன்னும் கீழே சரிந்தான். ஆனால் பிரேம்சுந்தரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. இதைப் பார்த்த பக்கத்துத் தாங்கி, பல் டாக்டர் ஒருவர், லிவிங்ஸ்டனின் மற்றொரு கையைப் பிடித்தார். "நீங்க மட்டும் எதுக்குச் சார் கஷ்டப்படணும்? என்னோடதையும் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க, உங்களோடதையும் கொஞ்சம் தாங்க." அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா அவர் கையைப் பிடித்தார். சங்கிலி வளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பந்தலே கைகோத்துக்கொண்டது. எதிரி, சொந்தக்காரன் என்ற பேதமெல்லாம் போய், எல்லாருடைய களைப்பும் எல்லாருக்கும் சமமாகப் பிரிந்தது. கூலிக்கு வந்த தாங்கி ஒருவர், "ஏ, இது சுகமால்ல இருக்கு" என்று ஆச்சரியப்பட்டார். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "விளையாட்டு உணர்வுன்னா இதுதான்யா!" என்று தழுதழுத்தார்.

சுகம்தான். சமமாகப் பிரிந்த களைப்பு, கடல்காற்று, மின்விசிறி, வெண்பொங்கல். முதலில் பல் டாக்டர் கொட்டாவி விட்டார். கொட்டாவி கைமாறிக் கைமாறிப் பந்தலைச் சுற்றி வந்தது. பிறகு தலைகள் சாய்ந்தன. லிவிங்ஸ்டனும் சாய்ந்தான்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்க, கண் விழித்தான். கதீஜா நின்றிருந்தாள், கண்ணில் பயம்.

"அண்ணே, நீங்களாவது முழிச்சிங்களே! பாருங்க, ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்காங்க."

பந்தல் குறட்டையில் அதிர்ந்தது. பல் டாக்டரின் முகத்தில் யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அவர் நனைந்தபடியே தூங்கினார்.

"போட்டி முடிஞ்சிட்டா? யாரு ஜெயிச்சா?"

"எல்லாரும் கோட்டைத் தாண்டிட்டாங்க. சங்கரபாண்டியன் மொதல்ல, டீச்சரக்கா ரெண்டாவது. ஆனா யாருமே நிக்கலண்ணே! 'போதும்'ங்கிற சத்தம் தூங்குற மூளைக்குப் போகுது. தாங்கி முழிச்சிருந்தா 'போதும்'னு பட்டை வழியா திருப்பிச் சொல்லும்; தூங்குற மூளை எப்படிச் சொல்லும்? ஓடுறவங்களுக்கோ போதும்னே தோணல. அப்படியே துறைமுக ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்காங்க. அவங்க ஓட ஓட இவங்க தூக்கம் ஆழமாகுது. இவங்க தூங்கத் தூங்க அவங்க நிக்க மாட்டாங்க. காலு வேணா சும்மா இருக்கலாம். இதயம்னு ஒண்ணு இருக்கே!"

"வண்டியில போய் நிறுத்த வேண்டியதுதான?"

"போட்டிக்காக ரோட்டை முழுக்கத் தடுப்பு வச்சு அடைச்சிருக்கோம். பின்னால துரத்திப் போன தொண்டருங்க எல்லாம் மூச்சு வாங்கித் திரும்பிட்டாங்க. களைப்பே இல்லாத ஆளுங்களை எப்படிப் புடிக்கிறது?"

லிவிங்ஸ்டன் ரோட்டைப் பார்த்தான். அது கடலோரமாக வளைந்து, உப்பளங்களைச் சுற்றிக்கொண்டு போனது. உப்பளங்களின் குறுக்கே வரப்பில் நேராகப் போனால் அந்த வளைவின் மறுமுனைக்கு முன்னாலேயே போய்விடலாம். யாராவது ஓடினால். பந்தலில் விழித்திருந்தவர்கள் இரண்டே பேர். கதீஜா திரையை விட்டு நகர முடியாது.

அவன் பிரேம்சுந்தரின் விரல்களை மெல்லப் பிரித்து, அந்தக் கையைப் பல் டாக்டரின் கையில் சேர்த்தான். செருப்பைக் கழற்றினான். வேட்டியை மடித்துக் கட்டினான்.

லிவிங்ஸ்டன் ஓடினான்.

அழகான ஓட்டம் என்று சொல்ல முடியாது. கை ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் போனது. உப்பு பாதத்தை அறுத்தது. ஒரு வரப்பில் வழுக்கி, பாத்திக்குள் இடுப்பு நனைய விழுந்து, வெள்ளை பூசிக்கொண்டு எழுந்து மறுபடியும் ஓடினான். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அண்ணாச்சி, யாரு துரத்துதா?" என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல மூச்சு இல்லை. கனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதுபோல் ஒரு காட்சி கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. அது வரும்போதெல்லாம் அவன் கால்கள் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயின.

உப்புக் குவியல்களைத் தாண்டி ரோட்டில் ஏறியபோது அவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சங்கரபாண்டியன், புது மாப்பிள்ளைபோல் புன்னகையோடு. இரண்டடி பின்னால் ஜெபக்கனி. அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள், சிரித்துப் பேசிக்கொண்டு.

லிவிங்ஸ்டன் ரோட்டின் நடுவில் கையை விரித்தான். 'நில்லுங்க' என்று கத்த வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. அதனால் அவர்களை நோக்கி ஓடினான்.

ஜெபக்கனி நின்றாள். வாயைப் பிளந்துகொண்டு, நட்ட மரம்போல் நின்றாள். "என்னங்க, நீங்க… ஓடுதீயளா?"

அவள் நின்றதும் பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதாமலிருக்க நின்றார்கள். எல்லாரும் நின்றுவிட்டதைத் திரும்பிப் பார்த்த சங்கரபாண்டியனும் நின்றார். முன்னால் ஓடுவதில் ஒரு பெருமை இருக்க வேண்டுமானால் பின்னால் ஆள் வேண்டுமே.

அத்தனை பேரையும் ரோட்டோரம் உட்கார வைத்தார்கள். ஓட்டம் நின்றதும் பந்தலில் தூக்கம் கலைந்தது. தாங்கிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பிரேம்சுந்தர் மாமனார் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, பட்டையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, களைப்பை இப்பத் திருப்பித் தரணும். கொஞ்சம் கொஞ்சமா தரட்டுமா, மொத்தமா தரட்டுமா?"

அவன் குரலில் என்ன இருந்ததோ, சங்கரபாண்டியன் அவனை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். "தவணையாவே குடுங்க மாப்ள" என்றார். முதல் தவணை இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் "இதையா நீங்க காலையிலிருந்து…" என்று ஆரம்பித்து, முடிக்காமல், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதீஜா ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜெபக்கனியின் முன்னால் வந்து நின்றவள், குழப்பத்தோடு குனிந்தாள். "அக்கா, உங்க பட்டை எங்க?"

ஜெபக்கனி நீச்சலுடையின் இடுப்பிலிருந்து பட்டையை எடுத்துக் கொடுத்தாள். அணைந்து கிடந்தது.

"கடல்ல இறங்கினதுமே கழற்றிட்டேன். கை வலிக்கவே இல்லம்மா. அலை வந்து அடிக்குது, யாரையோ அடிக்கிற மாதிரி இருக்கு. நீந்துன மாதிரியே இல்ல. கரையில இவுக முனகுத சத்தம் வேற கேக்குது. ச்சீன்னு ஆயிட்டு."

"அப்ப முழுக்க நீங்களேவா? ஆனா திரையில உங்க ஜோடிக்குப் பச்சை எரிஞ்சுதே!" கதீஜா கணக்குப் போட்டுப் பார்த்து, தலையில் கை வைத்தாள். "நாங்க தாங்கியை மட்டும்தான் அளக்குறோம். அண்ணன் மூச்சு வாங்குறத நம்பி மெஷினு பச்சை காட்டிருக்கு. அதான் இவரு மட்டும் முழிச்சிருக்காரு. மத்தவங்களுக்கு அவங்கவங்க பட்டையிலிருந்தே நேரா வந்துக்கிட்டு இருந்துச்சு; இவருக்கு வந்ததெல்லாம் கை வழியா வந்த அடுத்தவங்க பங்குதான்."

"அப்பக் கோட்டைத் தாண்டி ஏன் ஓடின?" என்று லிவிங்ஸ்டன் திணறித் திணறிக் கேட்டான். "உனக்குத்தான் போதும்னு தோணியிருக்குமே."

"கோட்டுக்கு முன்னாலயே தோணிட்டு. உசிரு போய் உசிரு வந்துச்சு. ஆனா முன்னால போனவரு நிக்கலையே. நான் மட்டும் எப்படி நிக்க?"

விழாக்குழு கூடிப் பேசியது. தாங்கி இல்லாமல் ஓடியது விதிமீறல். ஜெபக்கனிக்குத் தகுதி நீக்கம். வருத்தத்தோடுதான் அறிவித்தார்கள். அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது விலா வலித்தது. வலித்ததால் இன்னும் சிரித்தாள். சங்கரபாண்டியன் படுத்திருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி, "டீச்சர், அடுத்த வருஷம் பட்டை இல்லாம ஓடுவோம். நான் கடைசியா வந்தாலும் வாரேன்" என்றார். மாப்பிள்ளைதான் முதலில் கைதட்டினான்.

லிவிங்ஸ்டன் மட்டும் இன்னும் உப்பும் வியர்வையுமாய் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"கனி, இன்னைக்கு நீ சைக்கிள் மிதிக்கும்போது எனக்குத் தொடை நடுங்குச்சே. அது யாரோடது?"

"அது உங்க பயம்."

"இப்ப வாங்குதே மூச்சு. இது?"

ஜெபக்கனி அவன் தலையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். "இது உங்களோடதுதான்."

கதீஜா பெட்டியிலிருந்து ஒரு புதுப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, ரொம்ப முடியாம இருக்கீங்க. இதைக் கட்டுங்க, கொஞ்ச நேரம் நான் தாங்குறேன்."

லிவிங்ஸ்டன் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேணாம்மா" என்றான். "இது எனக்கு வேணும்."